கண்ணில் படாத கருவூலம்

நுழையும்முன்

நூல்களும் விரிவுரைகளும் விலையின்றிக் கிடைக்கும் காலம் இது. ஆயினும், இருப்பதை அறியாதவருக்கு அவை இல்லாதவையே. கட்டணமில்லாக் கல்லூரிப் பாடங்கள் மாணவர் கையை வந்தடைவதில் உள்ள தடைகளையும் அவற்றை நீக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரும் ஆவடியும் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி விரிந்த ஊர். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் இப்பகுதிகளில் பலர். அவர்களுள் ஒருவருக்குப் பொறியியல் கணிதம் விளங்கவில்லை எனக் கொள்ளலாம். வீட்டில் பட்டம் பெற்ற அண்ணனோ அக்காவோ இருந்தால், இன்ன பேராசிரியரின் விரிவுரையைப் பார், அதற்குக் கட்டணம் இல்லை என்று சொல்லிவிடுவர். அப்படிச் சொல்ல எவருமில்லாத மாணவர் தனிப்பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுகிறார். தேர்வு நெருங்கும்போது வழிகாட்டி நூலை வாங்கி மனப்பாடம் செய்கிறார். விரிவுரை இருவருக்கும் இலவசம்தான். அது இருக்கும் செய்தி ஒருவருக்கு எட்டியது, மற்றவருக்கு எட்டவில்லை. குறைந்த வசதி உடையவரே கூடுதலாகச் செலவிட நேர்வது இதன் விளைவு.

கருவூலத்தில் உள்ளவை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் யாவருக்கும் திறந்துவிடப் போவதாக 2001இல் அறிவித்தது. மறு ஆண்டில் யுனெஸ்கோ கூட்டிய அவையில் ‘திறந்தநிலைக் கல்வி வளங்கள்’ என்னும் பெயர் பிறந்தது. இந்தியாவில் 2003இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்பிடெல் என்னும் திட்டத்தைத் தொடங்கின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு இதில் முதன்மையான பங்கு உண்டு. 2017இல் மைய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. இவற்றில் பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புவோர் மட்டுமே கட்டணம் செலுத்துகின்றனர்.

தமிழ் இலக்கியம் பயில்வோருக்கும் குறையில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்னுரையாக்கி வருகிறது. 2001இல் உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில், பட்டப்படிப்பு நிலைப் பாடங்களையும் மின்னூலகத்தையும் வழங்குகிறது.

தேடுவோர் தவறும் இடங்கள்

இத்தனை இருந்தும் தேடுவோருக்கு அகப்படாமற் போவதற்கு முதற்காரணம் பெயர் வேறுபாடு. ஒரு கல்லூரியின் பாடத்திட்டம் ‘ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்’ என்கிறது. ஏறத்தாழ அதே பாடத்தை வேறொரு நிறுவனம் ‘மெக்கானிக்ஸ் ஆஃப் சாலிட்ஸ்’ என்று வழங்குகிறது. சுமை ஏற்றப்பட்ட பொருள் எவ்வாறு வளைகிறது, எப்போது உடைகிறது என்பதையே இரண்டும் கற்பிக்கின்றன. பொருளறிந்த ஆசிரியர்க்கு இது ஒரு தடையன்று. பாடத்தை இனிமேல்தான் கற்கப்போகும் மாணவருக்கோ, இரு பெயர்களும் ஒரு பொருளைச் சுட்டுகின்றன என்பது எப்படித் தெரியும்? தேடுவதற்கு வேண்டிய அறிவைப் பாடத்தைக் கற்ற பின்னரே பெற முடியும் என்னும் முரண் இங்கே உள்ளது.

தமிழ் நூல்களில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. சிலப்பதிகாரத்தின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பதிவோர் சிலர் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குவர்; சிலர் ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்குவர். ஒன்றைத் தட்டச்சு செய்தவருக்கு மற்றொன்று அகப்படாமல் போகலாம். பழைய நூலின் பக்கங்களைப் படமாக மட்டும் பதிந்து வைத்தால், அதனுள் இருக்கும் சொற்களைத் தேடுபொறி அறியாது. எழுத்துணரி மென்பொருள் அப்படத்தை எழுத்தாக மாற்றிய பின்னரே தேடல் இயலும். ஒருங்குறி பரவுவதற்கு முன் வெவ்வேறு குறியாக்கங்களில் உள்ளிடப்பட்ட தமிழ்ப் பக்கங்களுக்கும் இதே நிலைதான். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்ற 2010ஆம் ஆண்டிற்குப் பின்னும் அவற்றுள் பல மாற்றப்படாமல் இருந்தன.

அளவும் ஒரு தடையாகிறது. என்பிடெல்லின் தொடக்ககாலப் பாடமொன்றில் ஏறத்தாழ 40 விரிவுரைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு மணி நேர அளவினது. மாணவருக்கு வேண்டுவதோ பதினைந்து நிமிட விளக்கம். அது எந்த விரிவுரையில், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று தெரியாதவர் பாதியிலேயே கைவிடுவதில் வியப்பில்லை.

நூலகவியல் காட்டிய நெறி

கணினி வருவதற்கு முன்னரே இச்சிக்கலை எண்ணிப் பார்த்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர் தாமே நூலடுக்குகளுக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொணர்ந்தார். 1931இல் வெளியான அவரது நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்கிறது. மற்றொன்று வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமை என்கிறது. தேடும் சுமையை வாசகர் தலையில் ஏற்றாமல் நூலகத்தின் பொறுப்பாக்கியதே இவ்விதிகளின் சிறப்பு.

இலண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் பொருத்து விளையாட்டுப் பொருளைக் கண்டு அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933இல் வெளிவந்தது. சில துண்டுகளை வெவ்வேறாகப் பொருத்திப் பல உருவங்கள் செய்வதுபோல, பொருள், செயல், இடம், காலம் முதலிய கூறுகளை இணைத்து ஒரு நூலின் இடத்தை அது குறிக்கிறது. இன்றைய மின்னூலகங்களில் துறை, மொழி, கல்விநிலை எனத் தெரிவு செய்து முடிவுகளைக் குறைத்துக்கொள்ளும் வசதி இச்சிந்தனைக்கு நெருங்கிய உறவுடையது.

தெரியுமா?
1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபை என்பவரின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் இருந்த வாசகரை நூல்கள் தேடிச் சென்றன.

பாடத்திட்டத்திலிருந்து பாடத்திற்கு

காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, 2018இல் நாட்டுக்கு அளிக்கப்பட்ட தேசிய மின்னூலகம், பல நிறுவனங்களின் வளங்களைப் பற்றிய விவரக் குறிப்புகளை ஓரிடத்தில் திரட்டுகிறது. தலைப்பு, ஆசிரியர், மொழி, கல்விநிலை ஆகியவை அக்குறிப்பில் சரியாகப் பதியப்பட்டால்தான் தேடல் பயன் தரும். என்பிடெல் பாடங்கள் பலவற்றுக்கு ஒன்பது இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் துறையையும் அடுத்த மூன்று நிறுவனத்தையும் குறிக்கும். 106 எனத் தொடங்கினால் கணினி அறிவியல். நடுவிலும் 106 வந்தால் அது சென்னையில் உருவான பாடம். நூலின் முதுகில் ஒட்டிய எண் போன்ற இக்குறியீட்டை அறிந்த மாணவர் சிலரே.

மாணவர் கையில் எப்போதும் இருக்கும் ஆவணம் பாடத்திட்டம் ஒன்றே. ஆகவே தேடல் அங்கிருந்தே தொடங்க வேண்டும். சில பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் இறுதியில் இணைய முகவரி தருகின்றன. அது தளத்தின் முகப்பை மட்டும் சுட்டினால், நூலைக் கேட்டவரிடம் நூலகத்தின் கதவிலக்கத்தைக் கொடுத்தது போலாகும். 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. திறன்பேசியால் அவற்றைப் படித்தவுடன், அப்பக்கத்திற்குரிய காணொலியோ பயிற்சியோ திறக்கிறது. தேடுபொறிக்கு அங்கே வேலையே இல்லை. கல்லூரிப் பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளுக்கும் இவ்வாறே, இன்ன அலகுக்கு இன்ன விரிவுரை, இன்ன நிமிடம் முதல் என்று ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து ஒரு பட்டியல் அமைக்கலாம். அதில் பாடத்தின் மாற்றுப் பெயர்களும் தமிழ்க் கலைச்சொற்களும் இடம்பெற வேண்டும். துறையின் அறிவிப்புப் பலகையிலும் முதலாண்டு மாணவரின் முதல் வகுப்பிலும் அப்பட்டியலைத் தருதல் நலம்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தொடர்ந்த கவனிப்பே வேண்டும். பாடத்திட்டம் மாறும்போது அலகுகள் இடம்மாறும். தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய முகவரிகள் செயலிழக்கும். ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் முன் ஒவ்வோர் இணைப்பையும் திறந்து சரிபார்ப்பது எவர் பணி என்பதைத் துறை முன்கூட்டியே பெயர் குறித்து ஒப்படைத்தல் வேண்டும்.