கடலோரக் கரும்பலகை – 11: கழுதைக்கு நூறு வீத வரவு

ஆறாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை ஒரு நாளும் பிந்தாமல், ஒரு நாளும் லீவு போடாமல் பள்ளிக்கூடம் வந்தவர் யார்? பிரிந்துபோகும் ஒரு வகுப்பு எழுதி வைத்த சீஆர் கொப்பியின் முதற்பக்கத்தில் இருப்பது இந்தக் கேள்விதான். புரட்டினால் விடை: மைதானத்து வேப்பமரத்தடிக் கழுதை. இடாப்பில் அதற்குப் பெயரில்லை. சப்பாத்தில்லை, டை இல்லை. "நாளைக்கு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று அதை யாரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதுமில்லை. ஆனாலும் வரவு நூறு வீதம். பரிசளிப்பு விழாவில் ஒரு கிண்ணமாவது கொடுத்திருக்கலாம் என்று யாரோ பச்சை மையில் எழுத, அதன் கீழ் இன்னொருவர் சிவப்பு மையில் "வழிமொழிகிறேன்" என்று ஒப்பமிட்டிருக்கிறார்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் கழுதைகளைத் தெரியும். ஆட்களுக்குப் பயப்படாமல் வீதியோரத்திலும் தென்னந்தோட்டத்திலும் பள்ளி மைதானத்திலும் மேய்ந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடங்களின் ஆண்டு மலர்களில் இவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை. மலரில் அதிபர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கும், அமைச்சரின் வாழ்த்துச் செய்தி இருக்கும், இரண்டு மாடிக் கட்டடம் திறந்த திகதி இருக்கும். ஒரு பிள்ளை அங்கே பதின்மூன்று வருடம் இருந்து கண்ணால் கண்டது மட்டும் இருக்காது. அதை எழுதி வைப்பவர்கள் பிரிந்துபோகும் வகுப்புப் பிள்ளைகள்தான்; அதுவும் பகிடியாக. அந்தப் பகிடிகளைத்தான் நான் ஒரு பள்ளிக்கூடத்தின் மெய்யான சரித்திரமாக நினைக்கிறேன்.

நான் வாசித்த கொப்பி 2024ஆம் ஆண்டு உயர்தரப் பெச்சினுடையது. பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் நடுவே ஒரு தமிழ்மொழிப் பாடசாலை. பெயர் சொன்னால் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே சொல்லவில்லை. கடைசி வாரங்களில் மேசைக்கு மேசை கைமாறிய கொப்பி அது. அட்டையில் பணிஸ் எண்ணெய்க் கறை, ஓரங்களில் கடதாசிச் சுருட்டல், சில பக்கங்களில் வெளிப்படையாக அழிக்கப்பட்ட பெயர்கள்.

நம்முடைய பள்ளிகளில் படிப்பு முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் நாள் ஒன்று கிடையாது. பரீட்சைக்கு முன் படிப்பதற்கென்று லீவு விடுவார்கள், வகுப்பு அப்படியே கலைந்துவிடும். வெள்ளைச் சட்டையில் ஒருவருக்கொருவர் பேனையால் ஒப்பமிடுவதும், ஓட்டோகிராப்பும், ஆசிரியர்களுக்கு ஒரு சின்னப் பிரியாவிடையும் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டவை. அமெரிக்க உயர்பள்ளிகளில் நூறு வருடங்களுக்கு முன்பே இதற்கென ஒரு நாளை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மாணவர் எழுந்து வகுப்பின் சரித்திரத்தைச் சிரிக்கச் சிரிக்க வாசிப்பார். இன்னொருவர் யார் யார் எதிர்காலத்தில் என்ன ஆவார்கள் என்று ஆரூடம் சொல்வார். மூன்றாமவர் கீழ்வகுப்புக்கு எதை விட்டுச்செல்கிறோம் என்று உயில் எழுதுவார். எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் கொப்பியில் சரித்திரம், ஆரூடம், உயில் மூன்றும் இருக்கின்றன.

சரித்திரப் பகுதியின் தலைப்பு: "ஒத்திவைக்கப்பட்டவர்கள்." இதைவிடப் பொருத்தமான பெயரை அந்தப் பெச்சுக்கு நானும் வைத்திருக்க முடியாது. 2016இல் ஆறாம் தரத்துக்கு வந்தவர்கள். அவர்கள் மேல்வகுப்புக்குப் போகப் போக நாட்டில் ஏதாவது ஒன்று நடந்தது.

2018 இறுதியில் எட்டாம் தரம். அதற்கு முந்திய வருடம் ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவாக்காட்டுக்குக் கொண்டுவரும் வேலை சூடுபிடித்திருந்தது. புத்தளம் எழுந்து நின்றது. சத்தியாக்கிரகம், ஹர்த்தால், கறுப்புக் கொடி. கொப்பியில் அதைப் பற்றி இரண்டு வரி: "குப்பைக்கு எதிராக நாங்கள் கோஷம் போட்டு வந்த அன்று எங்கள் வகுப்புக் குப்பைக்கூடை மூன்று நாளாகக் கொட்டப்படாமல் இருந்தது. மொனிட்டரின் முறை." அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்தவற்றை நான் வாசித்திருக்கிறேன். எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை இந்த இரண்டு வரியில்தான் வாசித்தேன்.

2019க்கு ஒரே ஒரு பக்கம்தான். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு மே 6ஆம் திகதி மேல்வகுப்புகள் திறந்தபோது பள்ளி வாசலில் பைகளைச் சோதித்தார்கள். ஒருவனின் பையில் பழைய வருடத்துக் கணிதக் கொப்பி, ஒரு மாங்காய், உப்பு மிளகாய்த்தூள் சுற்றிய கடதாசி, மூன்று டெனிஸ் பந்து ஆகியவை கண்டெடுக்கப்பட்டன. அந்த வருடத்துப் பாடப்புத்தகம் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் உம்மா வாசலிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டாராம். பகிடி அவ்வளவுதான். அந்த மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு முகநூல் வாசகத்தில் பற்றிய தீ அடுத்த நாள் குருநாகல் பக்கம் பரவியதும், எங்கள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டதும் அந்தப் பக்கத்தில் இல்லை. எழுதத் தெரியாமல் விட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினான்கு வயதில் பயந்ததைப் பத்தொன்பது வயதில் பகிடியாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்த பக்கத்திலிருந்து கொப்பிக்கு மறுபடியும் உயிர் வருகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கொரோனாவுக்காக நாட்டிலேயே முதன்முதலாகப் பொலிஸ் ஊரடங்கு போடப்பட்ட இடங்களில் புத்தளமும் ஒன்று, மார்ச் 18. "எந்தப் பரீட்சையிலும் முதலிடம் வராத எங்கள் மாவட்டம் இதில் முந்திக்கொண்டது" என்று எழுதிவிட்டு, அதைச் சுற்றிப் பூமாலை வரைந்திருக்கிறார்கள். பிறகு ஒன்லைன் வகுப்பு. வீட்டில் ஒரு போன், அதுவும் வாப்பாவினுடையது, வாப்பா கடலில். ஒருத்தி மாமியின் போனில் சூமுக்கு வந்தபடியால் அந்த வருடம் முழுவதும் டீச்சர் அவளை மாமியின் பெயரால்தான் கூப்பிட்டாராம். பள்ளி திறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. உயர்தரம் முடியும்வரை அவள் வகுப்புக்கே மாமி. சிக்னலுக்காகத் தோட்டத்துக் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று தமிழ் இலக்கியம் படித்த ஒருவன், சேர் "விளங்கியதா?" என்று கேட்டபோது தலையாட்டிய ஆட்டத்தில் செருப்பைக் கிணற்றுக்குள் விட்டான். அன்றைய பாடம் அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது என்று எழுதியிருக்கிறான். நானும் நம்புகிறேன்.

இந்தப் பெச் 2021 டிசம்பரில் எழுதியிருக்க வேண்டிய ஓஎல் 2022 மே 23இல்தான் தொடங்கியது. அந்த மாதம் நாடு இருந்த நிலையை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் இல்லை. இந்தப் பிள்ளைகளின் வகுப்பு யன்னலுக்கு நேரே தெரிவது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. 300 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட், தீவின் ஒரே நிலக்கரி மின்நிலையம். அதன் அடிவாரத்திலே இருந்துகொண்டு குப்பி விளக்கில் படிக்கலாம் என்று பார்த்தால் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கொப்பியில் இதற்கு ஒரு முழுப்பக்கப் படம். புகைபோக்கியிலிருந்து வரும் புகை வளைந்து வளைந்து "நாளைக்கு வாங்க" என்று எழுத்தாகிறது. கீழே ஒரு பிள்ளை மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு அதை வாசிக்கிறது. பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்கள் யாரும் அந்த வருடம் இதைவிட நல்ல படம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

கென்டின் பணிஸின் வரலாற்றை ஒரு வரைபாகவே போட்டிருக்கிறார்கள். விலைக்கோடு மேலே, பருமன் கோடு கீழே. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிக்கு 2022 என்று பெயர். பொருளியல் பாடம் நன்றாக நடந்திருக்கிறது.

எல்லாப் பாடமும் அப்படி நடக்கவில்லை. பத்தாம் தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லை. நேரசூசியில் அந்தப் பாடவேளைக்கு எதிரே "வெற்றிடம்" என்று எழுதியிருந்ததாம். கொப்பி சொல்கிறது: "வெற்றிடத்தில் ஒலி பயணிக்காது. ஆகவே எங்கள் விஞ்ஞான வகுப்பு மிகவும் அமைதியாக நடந்தது." நான் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு நீண்ட நேரம் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. சலுகை நல்லதுதான். ஆனால் சலுகையை ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறவர்கள் ஆசிரியரை மட்டும் ஏன் கொடுப்பதில்லை என்று இந்தப் பிள்ளைகள் கேட்டால் யாரிடம் பதில் இருக்கிறது? அவர்கள் கேட்கவில்லை. பகிடியாக எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். கேட்க வேண்டியது பெரியவர்கள் நாம்.

கச்சான் காற்றைப் பற்றி எழுதாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிச் சரித்திரமும் முடியாது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும். தகரம் அதிரும், கண்ணில் மண் விழும், திறந்த கொப்பி தானாகப் பக்கம் புரட்டும். அந்தக் காற்றுக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் காசு செலவழித்துக் கற்பிட்டிக்குப் பட்டச்சறுக்கு விளையாட வருகிறார்கள். கொப்பியில் இப்படி: "தென்மேற்குப் பருவக்காற்றைப் படிப்பிக்கப் புவியியல் சேர் ஒரு தடவை வரைபடம் கொண்டுவந்தார். வரைபடத்தைக் காற்று கொண்டுபோனது. பாடம் முடிந்தது."

முடிவுரையை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு நவம்பர் 25ஆம் திகதி பரீட்சைக்குப் போனார்கள். இரண்டு நாளில் வெள்ளம். 27ஆம் திகதியிலிருந்து பரீட்சை நிறுத்தப்பட்டு டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கியது. கொப்பியில் முடிவுரைக்குப் பின்னால் வேறு பேனையில்: "முடிவுரையும் ஒத்திவைக்கப்பட்டது." இடையில் கிடைத்த அந்த வாரத்தில்தான் ஆரூடமும் உயிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பத்து வருடத்தில் ஒருவன் இதே கென்டினை நடத்துவான், அவனுடைய கடன் கணக்கு அப்போதும் தீர்ந்திருக்காது. ஒருத்தி விஞ்ஞான டீச்சராக இந்தப் பள்ளிக்கே வருவாள், அன்றைக்கும் நேரசூசியை யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். கட்டாரில் ஆறு பேர், ஒரே அறையில், சமைப்பது யார் என்று சண்டை. உயில் சுருக்கம்: கடைசி வரிசை உடைந்த கதிரை, யன்னல் கம்பியில் கட்டிய நூல், கழுதை ஆகியவை அடுத்த பெச்சுக்கு, பராமரிப்புச் செலவு அவர்களுடையது.

இந்தக் கொப்பியை ஊரில் ஐம்பதை நெருங்கும் ஒருவரிடம் காட்டினேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஒன்றின் பிள்ளை அவர். அந்த நாட்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னேரம், அதே கட்டடம். தன் மேசைக்குள் காலைப் பள்ளிக்காரன் ஒருவன் தினமும் ஒரு விடுகதை எழுதி வைத்துவிட்டுப் போவான் என்றார். விடையைப் பின்னேரம் எழுதி வைத்தால் மறுநாள் சரியா பிழையா என்று மார்க் போட்டிருக்குமாம். ஒரு வருடமாக முகம் தெரியாத சிநேகிதம். "அகதி என்று சொல்லி எங்களைக் கூப்பிட்ட காலம் தம்பி அது. அவன் ஒருத்தன்தான் எனக்கு விடுகதை போட்டவன்." அந்தத் துண்டுகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை.

இதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, சிதறிக் கிடந்த தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலாக்கினார். அவர் எடுத்து வைத்திராவிட்டால் எத்தனையோ பெயர்கள் போயிருக்கும். அவருடைய மண்ணில் இருந்துகொண்டு நாம் நம் பிள்ளைகள் எழுதியதைப் பழைய பேப்பர்க்காரருக்கு நிறுத்துக் கொடுக்கிறோம்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலங்கைப் பாடசாலைகளின் மலர்கள் ஏராளமாக இருக்கின்றன. மலர்கள் போன வழியில் இந்தக் கொப்பிகளும் போகலாம். புத்தளம், கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் பக்கப் பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த கிரிக்கெட் மெட்சுக்கு டீசேட் அடிக்கும் முன், உங்கள் பெச்சில் யாரிடமாவது ஓட்டோகிராப்போ, கையெழுத்துச் சஞ்சிகையோ, இப்படியொரு கொப்பியோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவரின் மனம் நோகும் பெயர்களை மறைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பினால் இந்தத் தொடரில் அதற்கு இடமுண்டு.

(தொடரும்)