புத்தாண்டு விருந்துக்கு வந்தவர்கள்

1999 டிசம்பர் 31. போலந்தின் வடமேற்கில் ஹோபியெலின் என்ற சிற்றூர். பாழடைந்து கிடந்து, பிறகு எடுத்துக் கட்டிய பழைய பண்ணை வீடு. ஆன் ஆப்பிள்பாமும் கணவர் ராடெக் சிகோர்ஸ்கியும் விருந்து வைத்தார்கள். பத்திரிகைக்காரர்கள், தூதரகத்தார், புதிய அரசில் பதவிக்கு வந்த இளைஞர்கள் என்று வீடு நிறைந்தது. மாமியாரும் மருமகளும் அண்டா அண்டாவாக மாட்டிறைச்சிக் குழம்பு வைத்தார்கள். விடியற்காலை மூன்று மணிவாக்கில் ஒரு பெண் கைப்பையிலிருந்து சின்னத் துப்பாக்கியை எடுத்து, சந்தோஷம் தாளாமல் வானத்தை நோக்கி வெற்றுத் தோட்டா சுட்டார். கம்யூனிசம் ஒழிந்தது, இனி நல்ல காலம்தான் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

ஆப்பிள்பாம் அமெரிக்கர், 1964-ல் பிறந்தவர். 1988-ல் 'எகனாமிஸ்ட்' நிருபராக வார்சாவுக்குப் போனார். மறு ஆண்டே பெர்லின் சுவர் விழுந்தது. நிருபருக்கு இதைவிட என்ன யோகம் வேண்டும்? ஆனால் அவரை வரலாற்றுக்குள் இழுத்தது சுவர் அல்ல, ஒரு பாலம். பிராகின் சார்லஸ் பாலத்தில் சோவியத் தொப்பியும் லெனின் பேட்ஜும் கூவி விற்றார்கள்; சுற்றுலா வந்தவர்கள் சிரித்தபடி வாங்கினார்கள். ஸ்வஸ்திகாவைத் தொடக் கூசுகிறவர்களுக்கு அரிவாள் சுத்தியல் ஏன் உறுத்தவில்லை என்று யோசித்தார்.

அப்போது மாஸ்கோவின் ஆவணக் காப்பகங்கள் திறந்திருந்தன. சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றி முன்பு எழுதிய ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சின் தன் நினைவையும் கைதிகளின் வாய்மொழியையும் நம்பி எழுத வேண்டியிருந்தது. இவருக்கோ முகாம் அதிகாரிகளின் அறிக்கைகளே கைக்கு வந்தன. 1929 முதல் 1953 வரை சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர் அந்த முகாம்கள் வழியே போய்வந்ததைச் சொல்லும் 'குலாக்' 2003-ல் வெளியானது. மறு ஆண்டு புலிட்சர் பரிசு. 2012-ல் வந்த 'இரும்புத் திரை', போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவில் சாதாரண மனிதர்கள் எப்படி அதிகாரத்துக்கு வளைந்துகொடுத்தார்கள் என்று கேட்டது.

அந்தக் கேள்வி தன் வீட்டு வாசலுக்கே வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். 2015-ல் போலந்தில் தேசியவாத சட்டம் மற்றும் நீதிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அன்று குழம்பு சாப்பிட்டவர்களில் சிலர் அந்தப் பக்கம் போனார்கள். அவர்கள் எதிரே வந்தால் இப்போது தெருவின் மறுபுறம் ஒதுங்கிவிடுவேன் என்று 2020-ல் எழுதினார். செத்தவர்களின் கோப்புகளைப் படித்த அதே கண்ணால் நண்பர்களைப் படிக்கிறார். தைரியம்தான். ஆனாலும் தொண்ணூறுகளின் சந்தைச் சீர்திருத்தத்தில் அடிபட்டவர்கள் பக்கம் அந்தக் கண் அவ்வளவாகத் திரும்பவில்லை என்பது என் குறை.

ரஷ்யாவிலும் காலம் மாறிவிட்டது. மாஸ்கோவில் முகாம்களின் நினைவைக் காத்துவந்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'குலாக்' மாதிரி ஒரு நூலை இன்று தொடங்குகிறவர் பாடு திண்டாட்டம்.

அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில் ஹோபியெலினில் மறுபடி விருந்து. வாணவேடிக்கைக்குப் பதில் தீமூட்டம். பழைய முகங்கள் சில இருந்தன, பல இல்லை. ஆப்பிள்பாமின் மகன்களுடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள்.