நோயுற்ற இளைஞரும் நம் பைத்துல்மாலும்

படித்திருந்தும் நோயின் காரணமாக வேலைக்குச் செல்ல இயலாத இளைஞர் நம் மஹல்லாவிலும் இருக்கக்கூடும். கௌரவம் கருதி அக்குடும்பம் வாய்திறப்பதில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு கடந்த மாற்றுத்திறனாளிப் பட்டதாரிக்குத் தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை அளிக்கிறது. மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 750 ரூபாய். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களையே குறிப்பிடுகிறது. இதயநோயும் சிறுநீரக நோயும் அவற்றுள் இல்லை. அந்நோயாளிகள் மற்றவர்களைப் போலப் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் வருமான வரம்புக்கு உட்பட்ட பட்டதாரிக்கு 600 ரூபாய்தான்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து இலவசம். கோவளத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் அங்குச் சென்றுவரும் செலவுக்கும், வீட்டு உணவுக்கும் யார் பொறுப்பு?

ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எண்ணிக் கூறுகிறது. அவர்களுள் முதலிடம் ஏழைகளுக்கும் வறியவர்களுக்குமே. அது பிச்சையன்று, அவர்களின் உரிமை. ரமலானில் சில்லறையாகப் பகிர்ந்து முடித்துவிடாமல், ஜமாஅத்தின் பைத்துல்மால் வழியே மாதந்தோறும், பிறர் அறியாவண்ணம் வழங்குவோமாக. விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஒருவரை நியமிப்போமாக. கேட்கக் கூசுபவரின் வாசலை நாமே சென்று தட்டுவதன்றோ சிறப்பு!