கல்லில் முகம் தெரிவது எப்படி?

புதுச்சேரியை அடுத்த பாகூரில் சோழர் காலத்து மூலநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள கருங்கல் தூணின் எதிரே நின்றால் உங்கள் முகம் தெரியாது. ஆனால் கருநாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்தில், ஹளேபீடு என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 900 ஆண்டுப் பழமையுள்ள சில கல்தூண்கள் இன்றும் முகம் காட்டுகின்றன! இது எவ்வாறு நிகழ்கிறது?

பழைய தலைநகர்

ஹளேபீடு என்றால் 'பழைய இருப்பிடம்' என்று பொருள். துவாரசமுத்திரம் என்ற பெயரில் ஹொய்சள மன்னர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூர், 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்புக்கு ஆளானது, பின்னர்ச் சிதைந்தது. இங்குள்ள ஹொய்சளேசுவரர் என்னும் சிவன் கோயில் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. அருகிலேயே மூன்று சமணக் கோயில்கள் உள்ளன. அவற்றுள் 1133இல் எழுந்த பார்சுவநாதர் கோயிலின் தூண்களே நாம் குறிப்பிட்டவை.

மென்மையே சிறப்பு

இக்கோயில்களின் கல் மாக்கல் வகையைச் சேர்ந்தது. 1812இல் செருமானிய அறிஞர் மோஸ் வகுத்த கடினத் தரவரிசையில் மாக்கல்லிலுள்ள டால்க் என்னும் கனிமத்தின் எண் 1. நம் நகத்தின் எண் சுமார் 2½. கருங்கல்லிலுள்ள குவார்ட்சின் எண்ணோ 7. எனவே மாக்கல்லைச் செதுக்குவது எளிது. மரத்தைப் போலக் கடைசல் பிடிக்கவும் முடியும். தூண்களில் காணும் ஒழுங்கான வட்ட வளையங்கள் அவை சுழற்றிக் கடையப்பட்டவை என்பதைக் காட்டுகின்றன. கனத்த தூண் ஒருமுறை சுழலத் தொடங்கிவிட்டால், அதன் நிலைமத் திருப்புத்திறன் சுழற்சியைச் சீராக வைத்திருக்கும். இதற்கு மாயமோ மறைந்துபோன எந்திரமோ தேவையில்லை. கல்லறிவும் பொறுமையும் போதும்.

மேடும் பள்ளமும்

ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் முகம் தெரியும். அதை உப்புத்தாளால் தேய்த்தால் முகம் மறைந்துவிடும். உலோகம் மாறவில்லை, பரப்பு மட்டுமே மாறியது. சொரசொரப்பான பரப்பு ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கிறது. மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியனவாகிவிட்டால், ஒளி ஒழுங்காக எதிரொளிக்கிறது, பிம்பம் கிடைக்கிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! நுண்ணிய மணிகளாலான கல்லை இந்த அளவுக்கு இழைத்திருக்கிறார்கள். கல்லின் கருநிறமும் துணை செய்கிறது. கிணற்று நீரில் முகம் தெளிவாகத் தெரிவது போல, இருண்ட பின்னணியில் பிம்பம் எடுப்பாகத் தெரிகிறது. தூணின் வளைவுகள் குவியாடி போலச் செயல்படுவதால் உருவம் சுருங்கியும் நீண்டும் தோன்றும்.

நம் பங்கு

கலைக்கு உதவிய அதே மென்மை ஆபத்தும் ஆகும். சாவியால் கீறினாலே மாக்கல்லில் தழும்பு விழும். தெருப்புழுதியிலும் குவார்ட்சு மணல் உண்டு. ஆகவே புழுதி படிந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான். போர்களைத் தாண்டி வந்த பளபளப்பைச் சுற்றுலா வரும் ஒரு கை சில விநாடிகளில் அழித்துவிடலாம். நீங்கள் ஹளேபீடு சென்றால் அத்தூண்களில் முகம் பாருங்கள். ஆனால் தொடாமல் பாருங்கள்.