பூஞ்சணத்தின் இரும்புப் பசி

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று எதிர்ப்புச் சக்தி குன்றிக் கிடக்கும் ஒருவருக்குக் காய்ச்சல் விடாது அடிக்கும்போது, சி.டி. ஸ்கேனில் அவருடைய நுரையீரலில் தென்படும் வெண்ணிழல் பாக்டீரியாவினால் விளைந்ததா, ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் பற்றிப் படர்ந்ததன் அடையாளமா என்று அந்தப் படத்தைக்கொண்டு மட்டும் வைத்தியரால் நிச்சயித்துச் சொல்ல இயலுவதில்லை. திசுவைக் கிள்ளியெடுத்துச் சோதிக்கலாமென்றாலோ, இரத்தத் தட்டுகள் குறைந்துபோன அந்தச் சரீரத்தில் இரத்தப்போக்கே பிராணாபத்தாக முடியக்கூடும். இந்தச் சங்கடத்துக்குரிய உபாயத்தை அந்தப் பூஞ்சணத்திடமே தேடிய ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் மருத்துவப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் யோசனை பெரிதும் போற்றத்தக்கது.

இரும்பின்றி இப்பூஞ்சணம் தழைக்காது. நம் இரத்தத்திலோ டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இரும்பை இறுகப் பற்றி வைத்திருக்கிறது. ஆகவே பூஞ்சணம், டி.ஏ.எஃப்.சி. என்று சுருக்கமாக வழங்கும் சிறு மூலக்கூறு ஒன்றைத் தானே உற்பத்தி செய்து வெளியே அனுப்பி, அது இரும்பைக் கவ்விக்கொண்டதும், தன் மேலுறையிலுள்ள பிரத்தியேக வாயில் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. மனித உயிரணுக்களுக்கு இத்தகைய வாயில் கிடையாது என்பதில்தான் இம்முறையின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

காலியம் என்ற உலோகத்தின் அயனி, பருமனிலும் மின்னூட்டத்திலும் இரும்பின் அயனியை ஏறக்குறைய ஒத்திருப்பதால், கதிரியக்கமுள்ள காலியம்-68ஐ டி.ஏ.எஃப்.சி.யில் ஏற்றிச் செலுத்தினால், பூஞ்சணம் பேதம் தெரியாமல் அதனை உட்கொண்டுவிடுகிறது. காலியம் சிதைந்து வெளிவிடும் பாசிட்ரான், எலெக்ட்ரானோடு மோதி அழிகையில், 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரண்டு கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. அவற்றை ஒருசேரப் பதிந்துகொள்ளும் பெட் ஸ்கேன், பூஞ்சணம் குடியிருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது. 68 நிமிஷங்களில் காலியத்தின் கதிரியக்கம் பாதியாகிவிடுவதும், எஞ்சிய மருந்து சிறுநீரில் விரைந்து வெளியேறிவிடுவதும் நோயாளிக்கு அநுகூலமானவை. எலிகளிடத்துச் செய்த பரிசோதனைகளில், பூஞ்சணம் தொற்றிய நுரையீரல்களில் மருந்து சேர்ந்தது தெளிவாகத் தெரிந்தது.

இதேபோல் இரும்பைக் கவ்வும் மூலக்கூறு ஒன்றை உற்பத்தி செய்யும், மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்னும் பாக்டீரியாவுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கும் கடனும் சிறிதன்று. அது தரும் டெஃபெராக்சமின், தலசீமியா நோயாளிகளின் உடலில் தேங்கும் இரும்பை அகற்ற 1960களிலிருந்து பயன்பட்டு வருகிறது; அதே பொருள் இப்போது சிர்க்கோனியம்-89ஐ ஆன்டிபாடிகளோடு பிணைத்துப் புற்றுக்கட்டிகளைக் காட்டவும் உதவுகிறது. ஆன்டிபாடி கட்டியைச் சென்றடையச் சில தினங்களாகும். சிர்க்கோனியத்தின் அரைவாழ்வு சுமார் 78 மணி நேரமாதலால், அதுவரை அதன் கதிரியக்கம் நீடிக்கிறது. ஆயினும், இரும்புக்கென்று அமைந்த டெஃபெராக்சமினின் மூன்று பிடிகள் சிர்க்கோனியத்துக்குப் போதாமையால், அதில் சிறிது கழன்று எலும்பிற் சென்று படிகிறது. இதைத் தவிர்க்கவே இரசாயன நிபுணர்கள் அம்மூலக்கூறில் நான்காவது பிடி ஒன்றையும் சேர்த்துப் புதிய வடிவங்களை ஆக்கி வருகின்றனர்.