டிசம்பர் 3 அன்று தேர்வு உண்டா?

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்காக டிசம்பர் 3 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கல்லூரிகளில் அது செமஸ்டர் தேர்வுக் காலம். அன்று தேர்வு உண்டா, தள்ளிவைத்துவிட்டார்களா என்ற ஒற்றை வரிக்காக மாணவர்கள் காத்திருப்பார்கள்.

அந்த ஒற்றை வரி யார் யாருக்குப் போக வேண்டும்? நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் தெ.தி. இந்துக் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கோணத்திலுள்ள பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குச் சென்னையிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கோ நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளும் உண்டு. அவற்றுக்கு இந்த விடுமுறை கிடையாது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிட்டால் தூத்துக்குடி மாணவர் குழம்பிப்போவார்.

இங்கே வேண்டியது, பள்ளிக்கூடத்தில் படித்த கணங்களின் வெட்டு. சுந்தரனார் கல்லூரிகள் ஒரு கணம், குமரி மாவட்டம் இன்னொன்று. இரண்டிலும் இருப்பவர்களுக்கு மட்டுமே கடிதம் போக வேண்டும். குழு மின்னஞ்சலைச் சரியாக நடத்தும் இடங்களில் இதற்கென்று யாரும் உட்கார்ந்து பெயர்களைத் தட்டுவதில்லை. கல்லூரி, துறை, ஆண்டு எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கும். அனுப்பும்போது பட்டியல் அதிலிருந்து தானே உருவாகும். படிப்பு முடிந்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து போனால் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் போய்விடும்.

இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்ததும் பல்கலைக்கழக உலகம்தான். 1981இல் நியூயார்க்கின் சிட்டி பல்கலைக்கழகத்துக்கும் யேலுக்கும் இடையே பிட்நெட் என்ற வலை தொடங்கியது. அதில் பட்டியல்களில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் முதலில் மனிதக் கைவேலையாக இருந்தன. 1986இல் பாரிஸில் பொறியியல் மாணவராக இருந்த எரிக் தோமா, அதைத் தானாகச் செய்யும் லிஸ்ட்சர்வ் மென்பொருளை எழுதினார்.

பட்டியலை உருவாக்குவதைவிட, பதில் எங்கே போகும் என்று தீர்மானிப்பதுதான் பெரிய வேலை. குழு முகவரி பார்வைக்கு ஒரு முகவரி. வேலையில் அது ஒரு பெருக்கல் குறி. ஆயிரம் பேர் உள்ள குழுவில் பத்துப் பேர் 'என் பெயரை நீக்குங்கள்' என்று எல்லாருக்கும் பதில் போட்டால் பத்தாயிரம் கடிதங்கள். 2012 நவம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கட்டண அலுவலகம் வரிப் படிவம் பற்றி மாணவர்களுக்கு எழுதியது. ஒரு மாணவர் தன் அம்மாவிடம் கேட்க நினைத்த கேள்வி ஏறத்தாழ 40,000 பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் பதில்கள் எல்லாருக்கும் திரும்பிப் போகும்படி இருந்தது. 2016 நவம்பர் 14 அன்று இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் ஒரு சோதனைக் கடிதம் சுமார் 8,40,000 ஊழியர்களுக்குப் போனது. பதில்களும் பதிலுக்குப் பதில்களுமாக 75 நிமிடங்களில் ஏறக்குறைய 50 கோடிக் கடிதங்கள் சுழன்றன.

இதில் மாணவரையோ ஊழியரையோ குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அறிவிப்புக்கான பட்டியலில் அலுவலகம் மட்டுமே எழுத முடிய வேண்டும். பதில், அறிவிப்பை அனுப்பியவருக்கு மட்டும் போக வேண்டும். விவாதத்துக்கான பட்டியல் வேறு. இந்த இரண்டு அமைப்புகளும் பெரும்பாலான பட்டியல் மென்பொருள்களில் உண்டு. நிர்வாகி ஒரு தடவை பார்த்து வைத்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறும் ஒன்றுண்டு. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் கடிதம் உண்மையில் தன்னிடமிருந்துதான் வந்தது என்று உறுதிப்படாவிட்டால் நிராகரித்துவிடும்படி மற்ற சர்வர்களுக்கு அறிவித்தது. போலிக் கடிதங்களைத் தடுப்பதே நோக்கம். ஆனால் குழுப் பட்டியல், வரும் கடிதத்தின் தலைப்பில் குழுப் பெயரைச் சேர்க்கும், அடியில் ஒரு வரி ஒட்டும்; அத்தோடு டிஜிட்டல் கையொப்பம் பொருந்தாமல் போகும். அனுப்புவதும் யாஹூ சர்வர் இல்லை. எனவே யாஹூ உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தை ஜிமெயில் போன்றவை திருப்பி அனுப்பின. திரும்பி வந்ததைப் பார்த்த பட்டியல் மென்பொருள், முகவரி செத்துவிட்டது என்று எண்ணி, கடிதத்தைப் பெறவேண்டிய அப்பாவி உறுப்பினர்களை நீக்கத் தொடங்கியது. எழுதியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியையே போடும் பழக்கம் அதன்பின் பரவியது.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புவோர் கடிதம் உண்மையில் தங்களிடமிருந்துதான் வந்தது என்று உறுதிப்படுத்தும் இந்தச் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தேர்வு முடிவு நாளில் அந்த எண்ணிக்கையை எளிதில் தொட்டுவிடும். சரிபார்ப்பு இல்லாத அறிவிப்பு ஸ்பாமுக்குள் போய் விழலாம். மாணவருக்கு அது தெரியாமலே தேதி கடந்துபோகலாம்.

துறைத்தலைவரின் சொந்த ஜிமெயிலையே துறையின் முகவரியாக வைத்துக்கொண்டால் அவர் ஓய்வு பெறும் நாளில் கடிதங்களும் அவரோடு போய்விடும். முகவரி பதவிக்கு இருக்க வேண்டும். பட்டியலின் சாவி குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். ஜூனில் கல்லூரி திறக்கும்போது வருகைப் பதிவேட்டோடு இதையும் புதுப்பித்துவிடலாம்.