முங்குவதற்கு இரண்டு வழி

கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் வயலுக்குப் பாய்ந்தது போக மிச்ச மழைநீர் ஓடைகளில் இறங்கி மலையை விட்டே போய்விடும். முங்கி இரை பிடிக்கும் பறவைகளுக்கோ தேங்கிய நீர் வேண்டும். கொல்லிமலையின் மேலே வாசலூர்ப்பட்டி ஏரி போல அதற்கேற்ற இடங்கள் சிலவே. முக்குளிப்பானையும் சின்ன நீர்க்காகத்தையும் சேர்த்துப் பார்க்க, 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, நாமக்கல் பக்கம் ஏதாவதொரு ஏரிக்கரைக்குப் போவது நல்லது.

முங்கும் பறவைக்கு முதல் எதிரி காற்றுதான். இறகுகளுக்குள் தங்கும் காற்று உடம்பைத் தக்கைபோல மேலே தள்ளும். நீர்க்காகம் இதற்குத் தன் இறகுகளை நனைய விடுகிறது. வெளிப்பகுதியில் நீர் ஏற ஏறக் காற்று வெளியேறி, மூழ்குவது எளிதாகிறது. ஆனால் இரை தேடி முடிந்ததும் பட்டமரத்தில் ஏறி, இறக்கையை விரித்து வெயில் காய வேண்டும்.

முக்குளிப்பானுக்கு அந்த வேலையே இல்லை. அது இறகுகளை உடம்போடு அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, சத்தமின்றி அமிழ்ந்துவிடும். கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் நீருக்குள் நல்ல உந்துதல் கிடைக்கும், தரையில்தான் தள்ளாட்டம். விரல்களுக்கு நடுவே முழுச்சவ்வு கிடையாது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி மடல். நீர்க்காகத்துக்கோ நான்கு விரல்களையும் ஒரே சவ்வு இணைக்கிறது; வாத்துக்குக்கூட முன்விரல் மூன்றில்தான் சவ்வு.

நடக்கத் தடுமாறும் பறவை கூட்டையும் தண்ணீரிலேயே கட்டுகிறது. நீர்ச்செடிகளில் பிணைத்த மிதக்கும் கூடு அது. வெளியே போகும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். குஞ்சுகள் தாய் தந்தையின் முதுகில் சவாரி செய்யும். நீர்க்காகம் மரத்தில், கொக்குகளோடு கூட்டமாகக் கூடமைக்கும். இன்னொரு விசித்திரம்: முக்குளிப்பான் தன் இறகுகளையே விழுங்குகிறது! மீன்முள் குடலைக் குத்தாமல் இருக்க அவை உதவுவதாகக் கருதுகிறார்கள்.

ஒரே தொழில் செய்வதால் இவை நெருங்கிய உறவென்று நினைக்கத் தோன்றும். மரபணு ஆய்வுகளோ முக்குளிப்பானைப் பூநாரைக்குப் பக்கத்தில் வைக்கின்றன. நீர்க்காகத்தின் சொந்தம் பாம்புத்தாரா.

முங்குவதில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால், என் ஓட்டு முக்குளிப்பானுக்கே. ஏரியில் படகில் போகிறவர்கள் கரையோரச் செடிகளுக்குள் துடுப்பை விடாதீர்கள். பாசிக்குவியலாகத் தெரிவது அதன் கூடாக இருக்கலாம்.